வெப்பத்திற்கு ஒரு குதிர்

மார்கழித் திங்களின் விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் புகுவோர் யாவரும் ஒரு சிறு தொல்லையை அறிவர். முதல்நாள் நண்பகலில் நீர்போல் ஓடிய தேங்காயெண்ணெய், மறுநாட்காலையிற் புட்டியினுள் வெண்ணிறமாய் உறைந்து, கவிழ்த்தாலும் வாராது நிற்கும். புட்டியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால், அல்லது வெந்நீர்ச் செம்பில் இறக்கினால், மீண்டும் உருகும். தஞ்சைத் தரணியில் வீடுதோறும் நிகழும் இச்சிறு செய்தியில், கட்டடங்களின் வெப்பத்தை அடக்கியாளுதற்கு இக்காலப் பொறியியலார் கையாளும் ஓர் உபாயத்தின் வித்து அடங்கியிருக்கின்றது. அவ்வுபாயம் யாது, அது காவிரி பாயும் நம் சமவெளிக்குப் பொருந்துமா, பொருந்துமாயின் முதலில் எந்தக் கூரைக்கு அதனை அளித்தல் தகும் என்பனவற்றை ஆராய்ந்து எம் கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அதன் தத்துவத்தை அறிதல் வேண்டும். ஒரு பொருளுக்கு வெப்பம் ஊட்டினால் அதன் சூடு ஏறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒரு திடப்பொருள் உருகும் தறுவாயில் இவ்விதி சிறிது நேரம் நின்றுவிடுகின்றது. எவ்வளவு வெப்பம் ஊட்டினும் பொருள் உருகுமேயன்றி அதன் சூடு ஏறாது; உருகி முடிந்த பின்னரே ஏறத் தொடங்கும். வெப்பமானியின் கண்ணுக்குப் புலனாகாமல் இவ்வாறு பொருளினுள் மறைந்து புகும் வெப்பத்தை மறைவெப்பம் என்பர். 1760-களில் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக் என்பார் இதனை அளந்து விளக்கினார். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி வெறுமனே உருகுதற்கு வேண்டும் வெப்பம், அதே அளவு நீரைச் செல்சியஸ் அளவையில் 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடேற்றப் போதுமானது. உருகிய பொருள் மீண்டும் உறையுங்கால், தான் உட்கொண்ட வெப்பம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும். வெப்பத்தை வாங்கி வைத்துப் பின்னர்க் கொடுக்கும் இத்தகைய பொருள்களையே நிலைமாறு பொருள்கள் என வழங்குகின்றனர்.

நம் மாகாணத் தலைநகருக்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. சென்னைக் கடற்கரையிலே இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பூண்டு நிற்கும் வட்ட மாளிகை, 1842-ஆம் ஆண்டளவில் ஐஸ் ஹவுஸ் என்னும் பெயரோடு, பனிக்கட்டி வைத்தற்காகவே எழுப்பப்பெற்றது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், உறைந்த ஏரிகளினின்று அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளிற் பொதிந்து, மாதக்கணக்காகக் கடல் கடந்து அனுப்பினார். வெப்பமண்டலத்தைக் கடந்து வந்தும் அவை முற்றும் உருகாது எஞ்சியதற்கு மரத்தூள் ஒரு காரணம். உருகுதற்குப் பனிக்கட்டி வேண்டி நிற்கும் அப்பெரு வெப்பம் மற்றொரு காரணம். இக்காலத்தில் குளிரூட்டும் பொறியை ஒரு டன், இரண்டு டன் என்று கடைக்காரர் விலை கூறுவதைக் கேட்கின்றோம். அச்சொல்லும் பனிக்கட்டியினின்று பிறந்ததே. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் பனிக்கட்டி ஒருநாள் முழுவதும் உருகி உட்கொள்ளும் வெப்பம் எவ்வளவோ, அவ்வளவை ஒரு நாளில் அறையினின்று வெளியேற்ற வல்லது ஒரு டன் பொறி என்பதே அதன் பொருளாகும்.

பனிக்கட்டி 0 பாகையில் உருகுவது. அதனைக் கூரையில் வைத்து ஆளுதல் இயலாது. மனிதர் சுகமாக வாழும் வெப்பநிலைக்கு அண்மையில் உருகும் பொருளே கட்டடத்திற்கு வேண்டுவது. அத்தகைய பொருளை நாடி முதன்முதலிற் பெரு முயற்சி செய்தவர் ஒரு பெண்மணியார். ஹங்கேரி நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மரியா தெல்கஸ் என்பார், 1948-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவர் என்னும் ஊரில், எலினார் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த வீட்டில், அமேலியா பீபடி என்னும் செல்வியாரின் பொருளுதவி கொண்டு, கிளாபர் உப்பைக் கலங்களில் நிரப்பி வைத்தார். ஏறக்குறைய 32 பாகையில் உருகும் அவ்வுப்பு, பகலில் வெயிலின் வெப்பத்தை வாங்கி உருகியது. பனி பொழியும் இரவில் உறைந்து வீட்டைச் சூடாக வைத்தது. சில குளிர்காலங்கள் கடந்தபின் அம்முயற்சி தளர்ந்தது. பலகாலும் உருகியும் உறைந்தும் வந்த உப்பு தன் நீரினின்று பிரிந்து அடியிற் படிந்தது. கலங்களும் அரிப்புண்டு கசிந்தன. தத்துவம் மெய்யாயிருந்தும் பண்டம் உழைக்கவில்லை. இப்பாடத்தை நாம் மறத்தலாகாது. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

நிற்க. குளிர்நாட்டார் வெப்பத்தைத் தேடிச் செய்த முயற்சி, வெப்பத்தை விரட்ட விழையும் நமக்கு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை நம் ஊர்களின் கூரைகளிலே இருக்கின்றது.

நம் முன்னோர் பலர் கீற்று வேய்ந்த வீடுகளிலே வாழ்ந்தனர். தடித்த மண்சுவரும், தாழ்ந்திறங்கிய கூரையும், கீற்றடுக்குகளின் இடையே சிறைப்பட்ட காற்றும் வெயிலைத் தடுத்தன. அக்கூரையின் கீழ்ச் சித்திரை நண்பகலிலும் ஒருவன் கண்ணயர முடிந்தது. ஆனால் அக்குளிர்ச்சிக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்றுமாறு அரசாங்கம் ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்திற்கு அண்மையிற் கரையேறிய கஜா புயல், நம் கடலோரத்துக் குடிசைகளை எண்ணின்றி வாரிச் சென்றது. கீற்றுக்கூரையின் குளிர்ச்சியைப் புகழ்ந்து ஏழைகளை மீண்டும் அதன் கீழ் அனுப்ப விரும்புவோர், அதனடியில் தாம் ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் வாழ்ந்து பார்த்தபின் பேசுதல் நலம்.

ஆதலின் கான்கிரீட் கூரை வந்தது, அது வரவேண்டியதே. 2010-ஆம் ஆண்டிற் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2024-ஆம் ஆண்டிற் கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டம் அறிவிக்கப்பெற்றது. 2030-ஆம் ஆண்டிற்குள் 8 இலட்சம் வீடுகள் என்பதும், வீடொன்றுக்கு 360 சதுர அடியும் மூன்றரை இலட்சம் ரூபாயும் என்பதும் அதன் திட்டம். நாற்று நடுவோரும் களம் அடிப்போரும் தீக்கும் புயலுக்கும் அஞ்சாது உறங்கும் நாள் வருவதைக் கண்டு மகிழாதார் யார்?

எனினும் அவர் உறங்குகின்றனரா என்பதையும் கேட்டல் வேண்டும். நான்கைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலைப் பருகுகின்றது. அவ்வெப்பம் தளத்தை ஊடுருவி உட்புறம் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் செல்லும். வெளியே கதிரவன் சாய்ந்து காற்று தணியும் மாலைப்பொழுதில், உள்ளே கூரை அடுப்புக்கல்போல் அனல் வீசத் தொடங்குகின்றது. வயலிலிருந்து மீண்டவர் வாசலிற் பாயை விரித்து நள்ளிரவு வரை விசிறிக்கொண்டு கிடப்பதை நம் ஊர்களிற் காணாதார் இலர். மாட மாளிகையிற் குளிரூட்டும் பொறி ஓடுகின்றது. அதன் விலையும் மின்கட்டணமும் கூலியாளுக்கு எட்டாதவை. தீயினின்று காத்த கூரை உறக்கத்தைக் கவர்வதாயிற்று. இதுவே நம் முன்னுள்ள வழக்கு.

இவ்வழக்கில் நிலைமாறு பொருள் செய்யக்கூடியது யாது? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். கால்சியம் குளோரைடு உப்பின் ஒரு வகை ஏறக்குறைய 29 பாகையில் உருகுவது. அதன் ஒரு கிலோகிராம் உருகுங்கால் சுமார் 180 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும். அதே வெப்பத்தை 5 பாகைக்கு மேற் சூடேறாமல் கான்கிரீட் வாங்க வேண்டுமாயின் 40 கிலோகிராம் கான்கிரீட் வேண்டும். இனி 300 சதுர அடித் தளம் ஒன்றின் வழியே, சதுர மீட்டருக்கு 40 வாட் வீதம் 8 மணி நேரம் வெப்பம் இறங்குவதாகக் கொள்வோம். அதனை முழுவதும் வாங்க 180 கிலோகிராம் உப்புப் போதும். ஒரு டன் குளிரூட்டும் பொறி இரண்டரை மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பம் அது. மின்சாரமும் விசையும் இன்றி உப்பு தானே உருகி இவ்வேலையைச் செய்யும் எனின், கேட்போர் உள்ளம் பூரித்தல் இயல்பே.

ஆயின் இவ்விடத்திலேதான் உழவரின் அறிவு நமக்கு வழிகாட்டியாக நிற்றல் வேண்டும். வீட்டில் நெற்குதிர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தை அறுவடையில் அது நிரம்புகின்றது. உண்டும் விற்றும் அதனை வெறுமையாக்கினாலன்றி அடுத்த விளைச்சலை அது ஏற்குமோ? நிலைமாறு பொருளும் வெப்பத்திற்கு ஒரு குதிரே. பகலில் நிரம்பிய குதிரை இரவு வெறுமையாக்குதல் வேண்டும். அஃதாவது உருகிய உப்பு விடிவதற்குள் மீண்டும் உறைதல் வேண்டும். உறையாவிடின், மறுநாட் காலையில் அக்கூரையில் இருப்பது வெறும் உப்புநீரேயன்றி வேறன்று.

பாலைநிலத்தில் இதற்குத் தடையில்லை. பகல் எவ்வளவு கொடிதாயினும் வறண்ட இரவு தணிந்துவிடும். நம் நாடோ கடலை அடுத்தது, ஈரக்காற்று நிறைந்தது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலும் 26, 27 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்காத நாட்கள் பல. 29 பாகையில் உறைய வேண்டிய உப்பிற்கு எஞ்சுவது இரண்டு மூன்று பாகை வேறுபாடே. கதவும் சன்னலும் அடைத்த அறையில் அதுவும் இராது.

இத்தடையை நம் மாகாணத்து அறிஞரே ஆராய்ந்துள்ளனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வேல்ராஜ், பசுபதி முதலானோர், ஒத்த இரண்டு அறைகளைக் கட்டி, ஒன்றன் கூரையிற் கான்கிரீட்டுக்கும் மேற்றளத்துக்கும் இடையே உப்புப் பலகத்தை வைத்து, மற்றொன்றை வெறுமையாக விட்டு ஒப்புநோக்கினர். அவர்தம் ஆராய்ச்சி 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் கையாண்ட உப்புக்கலவை 26 முதல் 28 பாகைக்குள் உருகுவது. ஆண்டு முழுவதும் பயன்பெற ஒரே அடுக்குப் போதாது, இரண்டு அடுக்குகள் வேண்டும் என்பது அவர்கள் முடிபு. மேலடுக்கு, கோடைக்கால விடியற்பொழுதின் வெப்பநிலையைவிட 6, 7 பாகை மிகுந்த நிலையில் உருகுவதாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் கோடை இரவிலும் அது உறையும். கடலோர நகரத்திற் கண்ட இம்முடிபு, நம் சமவெளிக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்று கருதுகின்றோம்.

இனி, வேறு இரண்டு இடையூறுகளையும் மறைத்தல் முறையன்று. குளோரைடு உப்புகள் இரும்பின் பகைவர். பலகம் கசிந்து உப்புநீர் தளத்தினுள் இறங்கினால், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். டோவர் வீட்டில் கசிந்தது கலத்தோடு போயிற்று. இங்குக் கசிவது கூரையையே உண்ணும். உப்பிற்கு மாற்றாக மெழுகைக் கொள்ளலாம் என்பர் சிலர். பெட்ரோலியத்தினின்று கிடைக்கும் மெழுகு இரும்பை அரிப்பதில்லை. உருகி உறைவதிலும் பிரிவதில்லை. ஆனால் அது எரியும். கும்பகோணத்திற்கு அணித்தே வாழும் நாம், குழந்தைகளின் தலைக்குமேல் நூற்றுக்கணக்கான கிலோகிராம் மெழுகை அடுக்க ஒருப்படுவோமோ?

இவை யாவும் ஒருபுறமிருக்க, யாம் முதன்மையாக வற்புறுத்த விழைவது வேறொன்று. நிலைமாறு பொருள் வெப்பத்தை அழிப்பதன்று. பகலினின்று இரவிற்குத் தள்ளிவைப்பதே. எனவே ஒரு கூரைக்கு அதனை அளிக்குமுன், அக்கூரையின் கீழ் எவர், எப்பொழுது இருக்கின்றனர் என்று கேட்டல் வேண்டும். உழவுத் தொழிலாளி பகலில் வயலில் இருக்கின்றார். இரவிலேயே வீட்டில் இருக்கின்றார். அவர் வீட்டுத் தளத்தின் உட்புறத்தில் உப்பை வைத்தால், அவர் இல்லாத பகலில் வெப்பத்தை வாங்கி, அவர் துயிலும் இரவில் அவர் முகத்தின்மேலேயே அது கொட்டும். நல்லெண்ணத்தோடு செய்த தீங்காகவே அது முடியும்.

பள்ளிக்கூடமோ இதற்கு நேர்மாறானது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை அங்கே குழந்தைகள் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர், இரவில் எவருமிலர். பகலில் உப்பு உருகி வெப்பத்தை வாங்கும். இரவில் கம்பியிட்ட சன்னல்களைத் திறந்துவைத்தால் காற்றுப் புகுந்து உப்பை உறைவிக்கும். அது வெளியிடும் வெப்பத்தால் வருந்துவார் ஒருவருமில்லை. உப்பு உறையத் தயங்கும் மிகக்கொடிய கத்திரி இரவுகளும் பெரும்பாலும் பள்ளி விடுமுறைக் காலத்திலேயே வருகின்றன. ஊராட்சி அலுவலகம், நூல்நிலையம், பகல்நேர மருந்தகம் ஆகியவையும் இவ்வகையினவே. தீயின் பொருட்டுக் குளிர்ந்த கூரையை இழந்தவர்கள் நம் பள்ளிக் குழந்தைகள். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்று நிலுவையில் நிற்கின்றது. ஆதலின் இப்புதிய சாதனத்தைக் காவிரி நாட்டில் முதன்முதற் சோதித்தற்குரிய இடம் பள்ளிக்கூரையே என்பது எம் துணிபு.

தொழிலாளர் வீட்டிற்கு ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அவ்வீட்டிலும் கைக்குழந்தையும் முதியோரும் பகல் முழுவதும் இருக்கின்றனர். பகலுக்கும் இரவுக்கும் ஒருங்கே நன்மை தருவது, வெப்பத்தை வாங்கி வைப்பதன்று, வரவிடாமற் செய்வதே. செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கூட்டி இடித்த மேற்றளமும், அதன்மேற் பதித்த தட்டோடும் நம் கொத்தனார் அறிந்தவை. ஆண்டுதோறும் மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தல் எளிய செலவு. தளத்திற்கு மேலே ஒரு முழ உயரத்திற் பந்தலிட்டு இடையிற் காற்றோட விட்டால், வெயில் தளத்தைத் தொடுவதேயில்லை. கூரையடியில் எதிரெதிராக இரண்டு காற்றுத்துளைகள் விட்டால், சேர்ந்த அனலும் இரவில் வெளியேறும். அரசாங்கம் வீட்டிற்குச் சதுர அடியும் சிமெண்டும் கணக்கிடுகின்றது. மாலை 7 மணிக்கு அத்தளத்தின் அடிப்புறச் சூடு எவ்வளவு என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சிறு தொகையொன்றைக் கூரைக் குளிர்ச்சிக்கென்றே ஒதுக்கி, அதனைக் கண்டபின்னரே முழுத்தொகையையும் அளிக்கும் விதி ஒன்று ஏற்படுமாயின், அது பல ஆராய்ச்சிக்கூடங்கள் செய்யும் நன்மையைச் செய்யும்.

முடிவாக, இம்மலரைப் படிக்கும் மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு கீற்றுக்கூரை, ஓர் ஓட்டுக்கூரை, ஒரு கான்கிரீட் கூரை என மூன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, விடியற்காலையிலும் நண்பகலிலும் இரவு 9 மணிக்கும் ஓராண்டு முழுவதும் குறித்து வையுங்கள். செலவு சிறிது, வேண்டுவது பொறுமையே. பிறநாட்டார் விற்கும் பலகம் நம் நாட்டிற்கு ஏற்றதா என்பதை விற்பனையாளரின் சொற்கொண்டு அறியவேண்டாம்; நீங்கள் எழுதிய அவ்வேட்டைக்கொண்டு அறியலாம். இரவு எத்துணைத் தணிகின்றது என்று அளவாதவன் வெப்பத்தைச் சேமிக்கப் புகுதல், குதிரின் வாயை மட்டும் கண்டு அடியிலுள்ள மடையைக் காணாதவன் செயலை ஒக்கும். நிரப்புதல் எளிது, ஒழித்தலை எண்ணியே குதிர் கட்டுதல் வேண்டும்.